டிசம்பரில் பிறந்தவர்களுக்கு நேர்ந்தது: செலக்டிவ் சர்வீஸ் அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கட்டாய ஆள்சேர்ப்பு அமைப்பான செலக்டிவ் சர்வீஸின் இயக்குநர் அவர்களுக்கும், உள்ளூர் வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கையில் ஒரு பதிவேடு இருக்கிறது. 18 முதல் 25 வயது வரையிலான ஆண்களின் பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் அதில் உள்ளன. இன்றைக்கு ஒருவரையும் படைக்கு இழுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அதற்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றி அதிபர் ஒப்பமிட வேண்டும். ஆனால் அந்த நாள் வந்தால் என்ன செய்வது என்று எழுதியே வைத்திருக்கிறீர்கள். அனுமதி கிடைத்து 193 நாளுக்குள் முதல் தொகுதி ஆட்கள் படைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஆண்டில் 20 வயது நிறைகிறவர்கள் முதலில். போதவில்லை என்றால் 21, 22 என்று 25 வரை. அதற்குப் பிறகே 19-உம் 18-உம். ஒவ்வொரு வயதுக்குள்ளும் யார் முன்னே, யார் பின்னே என்பதைப் பிறந்தநாள் குலுக்கல் முடிவு செய்யும்.

அந்தக் குலுக்கலைப் பற்றித்தான் எழுதுகிறோம். வியட்நாம் போர்க் காலத்தில் உங்கள் அமைப்பு நடத்திய முதல் குலுக்கல் பிசகியது. பத்திரிகைகள் எழுதின, வழக்கும் போட்டார்கள், அடுத்த ஆண்டே முறையை மாற்றிக்கொண்டீர்கள். அந்தப் பிழையை எண்களை வைத்துக்கொண்டு யாரும் கணக்குப் போட்டுக் காட்டிவிட முடிந்தது. அதைவிடப் பெரிய அநியாயம், தேதிச் சீட்டுகளை எடுத்த கண்ணாடிச் சாடிக்கு வெளியே நடந்தது: யாருடைய பையனுக்கு அந்தச் சாடியால் ஆபத்து, யாருடைய பையனுக்கு இல்லை என்பதை வேறு மேசைகள் தீர்மானித்தன. அந்த மேசைகளின் கணக்கைத்தான் இப்போதே, போர் எதுவும் இல்லாதபோதே, கேட்கிறோம்.

முதலில் சாடியைப் பார்த்துவிடுவோம்.

1969 நவம்பர் 26 அன்று அதிபர் நிக்சன் குலுக்கலை அனுமதிக்கும் சட்டத் திருத்தத்தில் கையெழுத்திட்டார். டிசம்பர் 1 இரவு வாஷிங்டனில் உங்கள் தலைமையகத்தில் குலுக்கல், தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. நடுவில் ஐந்தே நாள். 1944 ஜனவரி 1 முதல் 1950 டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே குலுக்கல். பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 366 நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தேதிச் சீட்டு.

அவற்றைக் கலந்த விதம் இது. பெரிய மரப்பெட்டி ஒன்றில் ஜனவரியின் 31 குப்பிகளைக் கொட்டி, அட்டைத் தடுப்பால் ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள். காலிப் பக்கத்தில் பிப்ரவரியின் 29-ஐக் கொட்டி, எண்ணிச் சரிபார்த்து, அதே தடுப்பால் ஜனவரியோடு தள்ளிச் சேர்த்தார்கள். பிறகு மார்ச், மறுபடி ஒரு தள்ளல். ஏப்ரல், மறுபடி. டிசம்பர் வரை இதே வேலை. விளைவு, ஜனவரிக் குப்பிகள் மற்றவற்றோடு 11 தடவை கலந்தன. நவம்பர்க் குப்பிகள் 2 தடவை. டிசம்பர்க் குப்பிகள் ஒரே தடவை. பெட்டியை மூடிச் சில முறை குலுக்கினார்கள், மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினார்கள். குலுக்கலின்போது ஆழமான கண்ணாடிச் சாடிக்குள் கவிழ்த்தார்கள். எடுக்க வந்தவர்களில் சிலர் உள்ளே துழாவினாலும் பெரும்பாலோர் மேலே கைக்குப் பட்டதையே எடுத்தார்கள். அடுக்கடுக்காய்க் கொட்டிய தானியத்தை இரண்டு தட்டுத் தட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் அடுக்கு முழுக்கக் குலைந்துவிடாது, குப்பிகளும் அப்படித்தான்.

முதல் குப்பியை எடுத்தவர் நியூயார்க்கின் குடியரசுக் கட்சி உறுப்பினர் அலெக்சாண்டர் பிர்னி. செப்டம்பர் 14 வந்தது, அன்று பிறந்தவர்களுக்கு எண் 1, அழைப்பும் முதலில். கடைசியாக, 366-வது இடத்தில், ஜூன் 8. ஒரே நாளில் பிறந்தவர்களுக்குள் வரிசை வைக்க 26 எழுத்துகளையும் தனியாகக் குலுக்கினார்கள். ஜே முதலிலும் வி கடைசியிலும் வந்தன. (குடும்பப் பெயரின் முதலெழுத்து, பிறகு சொந்தப் பெயரின் முதலெழுத்து என்று அந்த வரிசை போகும். அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றே ஒவ்வொரு படிவத்திலும் தடுமாறும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு மறுபடி வராமலிருந்தால் நல்லது.)

இனி எண்களுக்கு வருவோம். கலவை சரியாக இருந்தால் எந்த மாதத்தை எடுத்தாலும் சராசரி வரிசை எண் 183.5-ஐ ஒட்டி வர வேண்டும். ஜனவரி 201.2, மார்ச் 225.8, மே 208.0 என்று ஆண்டின் முற்பகுதி உயர்ந்து நின்றது. செப்டம்பர் 157.3, நவம்பர் 148.7, டிசம்பர் 121.5 என்று பிற்பகுதி இறங்கியது. 31 நாள் கொண்ட ஒரு மாதத்தின் சராசரி, தற்செயலாக மட்டும் என்றால், வழக்கமாக 18 அளவுக்கு இப்படியோ அப்படியோ விலகலாம். டிசம்பர் விலகியது 62. ஆண்டில் அது எத்தனையாவது நாள் என்பதையும் அதற்குக் கிடைத்த எண்ணையும் 366 ஜோடிகளாக வைத்து ஒட்டுறவுக் கெழு (இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால் பூஜ்யத்தை ஒட்டி வரும் எண்) கணக்கிட்டால் மைனஸ் 0.226 வரும். ஒழுங்காகக் கலந்த சாடியிலிருந்து இப்படியொரு சாய்வு பத்தாயிரத்தில் ஒரு தடவைகூட வராது.

அந்தக் குலுக்கலுக்குட்பட்டவர்களில் 195-வது எண் வரை அழைத்தார்கள். டிசம்பரின் 31 நாளில் தப்பியவை ஐந்தே நாள்: 2, 12, 15, 17, 19. சமமாகக் கலந்திருந்தால் 14 நாளாவது தப்பியிருக்கும். யாரும் சதி செய்யவில்லை. ஐந்து நாள் அவசரமும் ஓர் அட்டைத் தடுப்பும் போதுமாக இருந்தன.

அறியாத பிழை என்றும் சொல்லிவிட முடியாது. 1940 அக்டோபர் 29 அன்று போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் கண்ணைக் கட்டிக்கொண்டு 158-ஐ எடுத்தாரே, அந்தக் குலுக்கலிலும் ஏறத்தாழ 9,000 குப்பிகள் சரிவரக் கலக்காமல் அடுத்தடுத்த எண்கள் கூட்டம் கூட்டமாக வந்ததைப் புள்ளியியலாளர்கள் அப்போதே கவனித்துவிட்டார்கள். 29 ஆண்டு கழித்தும் அந்த அறிவு உங்கள் மாடிப்படி ஏறவில்லை.

1970 ஜூலை 1 குலுக்கலில் நீங்கள் செய்த திருத்தம் நல்ல திருத்தம். தேதிகளுக்கு ஓர் உருளை, எண்களுக்கு இன்னோர் உருளை. எந்த வரிசையில் குப்பிகளை உள்ளே போடுவது என்பதையே தேசியத் தர நிர்ணய அலுவலகம் தயாரித்த சமவாய்ப்புப் பட்டியல்களிலிருந்து எடுத்தார்கள். இதில் இருக்கும் நுட்பம் எளிது: உருளை சரியாகச் சுழலாமல் போனாலும் உள்ளே போனதே கலைந்த வரிசை, தேதி உருளை பிசகினாலும் எண் உருளை காப்பாற்றும். இரண்டு உருளை முறை இன்றும் உங்கள் திட்டத்தில் இருப்பதை வரவேற்கிறோம்.

குலுக்கலுக்கு ஒரு நன்மை இருந்ததையும் மறைக்க வேண்டாம். அதற்கு முன் மூத்தவர்களை முதலில் அழைக்கும் முறை இருந்தது. 19-லிருந்து 26 வரை ஏழு ஆண்டு ஒருவன் தலைமேல் கத்தி தொங்கியது. குலுக்கல் அதை ஓராண்டாகச் சுருக்கியது.

ஆனால் சாடிக்கு வெளியே நடந்ததைப் பாருங்கள். 1964 ஆகஸ்டு முதல் 1973 மார்ச் வரை படை வயதில் இருந்த ஆண்கள் சுமார் 2 கோடியே 68 லட்சம் பேர். கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 22 லட்சம். தாங்களாகவே படையில் சேர்ந்தவர்கள் சுமார் 87 லட்சம். எப்படியும் அழைப்பு வரும் என்று பயந்து முந்திக்கொண்டவர்களும் இதில் அடக்கம். ஒத்திவைப்பு, விலக்கு, தகுதியின்மை என்று ஏதாவது ஒரு கதவு வழியாக வெளியேறியவர்கள் சுமார் 1 கோடியே 54 லட்சம். எனவே அந்தப் பத்தாண்டில் உண்மையான தேர்வு சாடியில் நடக்கவில்லை, கதவுகளில் நடந்தது.

கல்லூரிக் கதவை எடுத்துக்கொள்வோம். 2-எஸ் என்ற மாணவர் ஒத்திவைப்புக்கு முழுநேரப் படிப்பு வேண்டும். நான்காண்டுப் பட்டம் என்றால் ஆண்டுக்குக் கால் பங்காவது முடித்திருக்க வேண்டும். பகலில் வேலைக்குப் போய் மாலையில் இரண்டு பாடம் படிக்கிறவனுக்கு அது கிடையாது. அவன் 1-ஏ, அதாவது உடனே அழைக்கத் தகுந்தவன். அப்பா கட்டணம் கட்டியவன் தப்பினான், தானே கட்டியவன் மாட்டினான். முதுநிலைப் படிப்புக்கான ஒத்திவைப்பு 1968 வரை நீடித்தது. பிள்ளை பெற்றவனுக்கான ஒத்திவைப்பைப் புதிதாகக் கோருவது 1970 ஏப்ரலில்தான் நின்றது. குழந்தை இல்லாத மணமானவர்களின் சலுகையை அதிபர் ஜான்சன் 1965 ஆகஸ்டு 26 அன்று நீக்கினார்.

இன்னொரு கதவு, மாநிலங்களின் பகுதிநேரப் படையான தேசியக் காவல்படை. ரிசர்வ் படைகளைப் பெருமளவில் அழைப்பதில்லை என்று ஜான்சன் 1965-இல் முடிவெடுத்ததும், அதில் ஓர் இடம் கிடைத்தால் வியட்நாம் இல்லை என்றாகிவிட்டது. காத்திருப்போர் பட்டியல் நீண்டது. யாரைச் சேர்ப்பது என்பது உள்ளூர் அதிகாரிகள் கையில். 1960-களின் இறுதியில் அதில் கறுப்பினத்தவர் பங்கு 1 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 11 சதவீதம்.

மருத்துவக் கதவு இன்னும் சூட்சுமமானது. உடல் தகுதிச் சோதனைக்கு வருகிறவன் தன் சொந்த மருத்துவரின் கடிதமும் எக்ஸ்ரேயும் கொண்டுவந்தால் இராணுவ மருத்துவர் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. குடும்ப மருத்துவர் என்ற ஒருவரையே அறியாத வீட்டிலிருந்து வந்தவனுக்கு, அதே முதுகுவலி இருந்தாலும், காகிதம் இல்லை. வரிசையில் நின்று, சில நிமிடம் பார்க்கப்பட்டு, தகுதி என்று முத்திரை வாங்கிப் போனான்.

கதவுகளை மூடவேண்டிய இடத்தில் திறந்தது போதாதென்று, கீழே இன்னொரு வாசலையும் வெட்டினார்கள். 1966 ஆகஸ்டில் பாதுகாப்புச் செயலர் மக்னமாரா அறிவித்த ‘ஒரு லட்சம் திட்டம்’, முன்பு தேர்வில் தவறியவர்களையும் படையில் எடுத்துக்கொண்டது. 1971 வரை சுமார் 3,54,000 பேர் அதன் வழியே வந்தார்கள். ஏறத்தாழ 40 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் வழக்கும் இந்த வாசலை ஒட்டியதுதான். 1964-இல் எழுத்துத் தேர்வில் தவறித் தகுதியற்றவர் ஆனார். 1966-இல் தேர்ச்சி வரம்பைக் குறைத்ததும் 1-ஏ ஆனார். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் படையில் சேர மறுத்தார். ஐந்தாண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் 1971 ஜூன் 28 அன்று 8-0 என்று அதை ரத்து செய்தது. அவரிடம் நல்ல வழக்கறிஞர்கள் இருந்தார்கள்.

இந்தக் கதவுகளுக்கெல்லாம் சாவி உள்ளூர் வாரியங்களிடம் இருந்தது. நாடு முழுக்க சுமார் 4,000 வாரியங்கள், சம்பளமில்லாத உறுப்பினர்கள். 1966-இல் அவர்களில் கறுப்பினத்தவர் 1.3 சதவீதம். அலபாமா, ஆர்க்கன்சா, லூசியானா, மிசிசிப்பி வாரியங்களில் ஒருவர்கூட இல்லை. லூசியானாவில் ஒரு பெரிய வாரியத்தின் தலைவர், வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானின் மாநிலத் தலைவராகவே இருந்தார். மிசிசிப்பியில் 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் வாக்காளர் பட்டியலில் ஏற முடிந்த கறுப்பின வயதுவந்தோர் 6.7 சதவீதம். ஓட்டுப் பட்டியலில் இடமில்லாதவனுக்குப் படைப் பட்டியலில் இடம் தயார். அவன் விலக்குக் கேட்டு வாரியத்தின் முன் நின்றால், கூடவே வழக்கறிஞர் பேச விதி இடம் தரவில்லை. போரின் தொடக்க ஆண்டுகளான 1965, 1966-இல் களத்தில் இறந்தவர்களில் கறுப்பினத்தவர் 20 சதவீதத்தைத் தாண்டினார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு அந்தப் பங்கு இறங்கி, போர் முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் 58,220 பேரில் 7,243 என்று நின்றது. இறங்கியது என்பதே, இறக்க முடிந்திருந்தது என்பதற்குச் சான்று.

எதிர்த்துப் பேசியவர்களை என்ன செய்தார்கள் என்பதும் உங்கள் ஆவணங்களில் இருக்கிறது. அழைப்பு வரிசையில் முதலிடம் ‘கடமை தவறியவர்களுக்கு’ என்று ஒரு விதி. 1967 அக்டோபர் 26 அன்று அன்றைய இயக்குநர் ஹெர்ஷி, ஆள்சேர்ப்புக்கு எதிராகக் கிளர்ச்சி செய்கிறவர்களின் ஒத்திவைப்பை ரத்து செய்யுமாறு வாரியங்களுக்குக் கடிதம் அனுப்பினார். போராட்டம் செய்தால் போர்முனை என்று அதற்குப் பொருள். 1968-லும் 1970 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனை முறைக்குத் தடை போட்டது. அதற்குள் எத்தனையோ பேர் பச்சைச் சீருடையில் போய்விட்டார்கள். அரசியல் மேடையிலும் இதுவே நடந்தது: போரைக் கண்டித்த மாணவர் இயக்க அறிக்கையை ஆதரித்தார் என்பதற்காக, தேர்தலில் வென்ற ஜூலியன் பாண்டை ஜார்ஜியா சட்டமன்றம் 1966 ஜனவரியில் உள்ளே விடவில்லை. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது.

தீர்வு தெரியாமல் நடந்த கூத்தும் அல்ல. ஆள்சேர்ப்பை ஆராய்ந்த பர்க் மார்ஷல் தலைமையிலான ஆணையம் 1967-இலேயே மாணவர் ஒத்திவைப்பை நிறுத்துங்கள், வாரியங்களை ஒழுங்குபடுத்துங்கள், குலுக்கல் வையுங்கள் என்று அறிக்கை தந்தது. அதே ஆண்டில் காங்கிரஸ் நேர்மாறாகச் செய்தது: இளநிலை மாணவர் ஒத்திவைப்பை உறுதிப்படுத்தியது, தன் அனுமதியின்றிக் குலுக்கல் கூடாது என்றது. புதிய மாணவர் ஒத்திவைப்பு நிற்க 1971 ஆக வேண்டியிருந்தது. வாரியங்கள் பதிவாளர்களின் இனத்தையும் தேசிய மூலத்தையும் முடிந்தவரை பிரதிபலிக்க வேண்டும், விலக்குக் கேட்பவர் சாட்சிகளோடு வரலாம், மறுப்புக்கு எழுத்தில் காரணம் கேட்கலாம் என்பதும் அந்த ஆண்டுச் சட்டம்தான் தந்தது. 18 வயதில் துப்பாக்கி, 21 வயதில் ஓட்டு என்ற முரணும் அந்த ஜூலையில் அரசியல் சட்டத்தின் 26-ஆம் திருத்தத்தோடு முடிந்தது. கடைசி ஆள் அழைக்கப்பட்டது 1972 டிசம்பரில். நல்ல விதிகள் வந்து சேர்ந்தபோது போர் ஏறக்குறைய முடிந்திருந்தது.

இதில் தமிழர்களுக்கு என்ன என்று கேட்கலாம். எங்களைப் போன்றோருக்கு இந்நாட்டின் கதவைத் திறந்தது அதே பத்தாண்டின் குடியேற்றச் சட்டம், 1965 அக்டோபர் 3 அன்று ஜான்சன் கையெழுத்திட்டது. 1980-இல் மறுபடி தொடங்கிய பதிவு, குடிமக்களை மட்டுமல்ல, கிரீன் கார்டு வைத்திருக்கும் பையன்களையும் கட்டுப்படுத்துகிறது. செல்லுபடியாகும் மாணவர் விசாவிலோ பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தோ இருக்கும் வரை பதிய வேண்டியதில்லை. பிசகு நேர்வது நடுவில்: 18 தாண்டிய பையனுக்கு 26 நிறைவதற்குள் கிரீன் கார்டு வந்தால் அன்றிலிருந்து 30 நாளுக்குள் பதிவு ஆக வேண்டும். விசாவில் இருந்தபோது வேண்டாம் என்று கேட்ட நினைவில் குடும்பம் விட்டுவிடும். 26 கடந்தபின் பதியவே முடியாது. பிறகு குடியுரிமை விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி வரும். தெரிந்தே தவிர்க்கவில்லை என்று அவனே காட்ட வேண்டும். பதிவை அவன் கையால் செய்தாலும் அரசே செய்துகொண்டாலும், விசா மாறிய தேதியும் பெயரின் வரிசையும் ஏடுகளுக்குள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது. இதைத் தமிழில் எழுதுவதற்கும் அதுவே காரணம்: இந்த மடலை உங்களோடு சேர்த்து அந்தப் பெற்றோரும் படிக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகளில் சாடி சார்ந்தவை சிறியவை. ஒத்திகைக் குலுக்கலை 20 தடவையாவது நடத்துங்கள், ஒவ்வொன்றிலும் மாதவாரிச் சராசரியைப் போடுங்கள். ஒரே ஒரு ஒத்திகையில் ஏதாவது ஒரு மாதம் சாய்ந்திருந்தால் கவலை வேண்டாம், 12 மாதத்தில் ஒன்று அப்படி வரத்தான் செய்யும். அதே மாதம் திரும்பத் திரும்ப அதே பக்கம் சாய்ந்தால் இயந்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். குப்பிகளின் எடை ஒன்றாக இருக்கட்டும். நிரப்பும் வரிசையை முன்கூட்டியே உறையிட்டு, வெளியாள் கையில் கொடுங்கள். உண்மையான குலுக்கல் முடிந்த பிறகு, முடிவு பிடிக்கவில்லை என்று மறு குலுக்கல் வைக்கவே கூடாது. செயல்முறை மீறப்பட்டால் மட்டும் ரத்து என்று முன்பே எழுதி வையுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு ரத்து செய்யலாம் என்றால் அடுத்த சந்தேகம் அங்கேதான் முளைக்கும்.

பெரியவை கதவு சார்ந்தவை. ஒவ்வொரு வாரியத்திலும் இன்று யார் இருக்கிறார்கள், எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், எத்தனை இடம் காலி என்பதை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். ஆள்சேர்ப்பு தொடங்கினால், ஒத்திவைப்பும் மருத்துவத் தகுதியின்மையும், மனச்சாட்சி காரணமாகப் போரிட மறுப்போருக்கான விலக்கும் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை இனவாரியாகவும் அஞ்சல் குறியீட்டுவாரியாகவும் மாதம்தோறும் வெளியிட இப்போதே விதி எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். சொந்த மருத்துவர் இல்லாதவனுக்கு இரண்டாவது பரிசோதனையை அரசு செலவில் கொடுங்கள். வாரியத்தின் முன் வழக்கறிஞரும் மொழிபெயர்ப்பாளரும் உடனிருக்க வெளிப்படையாக அனுமதியுங்கள். வாரிய உறுப்பினர்களே, உங்களுக்குத் தரும் பயிற்சியில் 1967 அக்டோபர் கடிதத்தையும் அதைத் தொடர்ந்து வந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்க்கும்படி நீங்களே கேளுங்கள்.

ஒத்திகைகளின் மூல எண்களையும் வாரிய உறுப்பினர் பட்டியலையும் எந்தத் தேதிக்குள் வெளியிடுவீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர், புள்ளியியல் ஆசிரியர்கள்